ஐரோப்பிய நிறுவனத்துக்குச் சிங்கப்பூரில் வட்டார அலுவலகம்: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் நிறுவனம் பதிவுசெய்ய ஒரு நாள் போதும். இதைக் கேட்டுவிட்டு, அடுத்த மாதமே அலுவலகம் இயங்கிவிடும் என்று பல தலைமையகங்கள் திட்டம் போடுகின்றன. பதிவு உண்மையிலேயே ஒரு நாளில் முடிகிறது. வங்கிக் கணக்கும் மேலாளரின் வேலை அனுமதியும் கையில் வரத்தான் இரண்டு மூன்று மாதம் ஓடுகிறது. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் சட்டச் சிக்கல் இல்லை. வேலைகளைச் செய்த வரிசைதான்.

கீழே உள்ள படிகள் செய்ய வேண்டிய வரிசையிலேயே இருக்கின்றன. இவை வணிகம், உற்பத்தி, மென்பொருள், ஆலோசனை போன்ற துறைகளுக்கானவை. வங்கி, காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சிங்கப்பூர் நாணய வாரியத்தின் தனி உரிமம் வேண்டும். அந்தப் பாதையே வேறு. வெள்ளி என்று வரும் இடமெல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.

1. அலுவலகம் என்ன செய்யும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

வழக்கறிஞரையோ பதிவு முகவரையோ அழைப்பதற்கு முன் தலைமையகம் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் எங்கிருந்து போகும்? ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? சரக்கு யார் பெயரில் இருக்கும்? முதல் இரண்டு ஆண்டில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் ஐரோப்பாவிலிருந்து வருவார்கள்? எந்தெந்த நாடுகளை இந்த அலுவலகம் கவனிக்கும்?

நிறுவன வடிவம், தொழில் குறியீடு, வங்கி விண்ணப்பம், வேலை அனுமதி, வரி எல்லாமே இந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. இது இல்லாமல் தொடங்கினால் வங்கியிடம் ஒரு கதை, மனிதவள அமைச்சிடம் இன்னொரு கதை என்றாகிவிடும். பிறகு திருத்தப் போனால் இரண்டு இடத்திலும் சந்தேகம் எழும்.

கடைசிக் கேள்விக்கு "ஆசியா" என்று எழுதாதீர்கள். நாடுகளின் பெயரைத் தனித்தனியாக எழுதுங்கள். காரணம் 6ஆம் படியில் வருகிறது.

2. வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு.

பிரதிநிதி அலுவலகம்: தொழில் வளர்ச்சிக்கான அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரிடம் பதிவாகும். தாய் நிறுவனம் தொடங்கி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், விற்பனை 2,50,000 அமெரிக்க டாலரைத் தாண்டியிருக்க வேண்டும், இங்கே ஐந்து பேருக்குக் குறைவாகவே வேலை செய்ய வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்து, அதிகபட்சம் மூன்று ஆண்டு நடத்தலாம். சந்தை ஆய்வு செய்யலாம், தொடர்புகளை வளர்க்கலாம். இன்வாய்ஸ் அனுப்பவோ ஒப்பந்தம் போடவோ கூடாது.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பிரதிநிதி அலுவலகம் என்று பதிந்துவிட்டு, ஆறாவது மாதம் அங்கிருப்பவர் விலைப்புள்ளி அனுப்புகிறார், தள்ளுபடி பேசி முடிக்கிறார். அது பதிவு நிபந்தனையை மீறுவது மட்டுமன்று. தாய் நிறுவனத்துக்குச் சிங்கப்பூரில் நிரந்தரத் தொழிலகம் (வரி விதிக்க இடம் தரும் நிலையான தொழில் இருப்பு) இருக்கிறது என்ற வாதத்துக்கும் வழிவிட்டு, அந்த லாபத்தை இங்கே வரிக்குள் இழுத்துவிடும்.

கிளை: நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவிடம் வெளிநாட்டு நிறுவனமாகப் பதிவாகும். சிங்கப்பூரில் வசிக்கும் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி ஒருவராவது வேண்டும். கிளையும் தாய் நிறுவனமும் சட்டப்படி ஒன்றே என்பதால் இங்கே வரும் வழக்கும் கடனும் நேராக ஐரோப்பாவுக்குப் போகும். தாய் நிறுவனத்தின் கணக்கறிக்கையையும் இங்கே தாக்கல் செய்தாக வேண்டும். குடும்பத்துக்குச் சொந்தமான பல ஐரோப்பிய நிறுவனங்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கிளையைக் கைவிடுகின்றன. மேலாண்மை வெளிநாட்டில் நடப்பதால், வரிக்கு இந்த நாட்டைச் சேர்ந்தது என்று காட்டும் வரி வசிப்புச் சான்றிதழைக் கிளை பெறுவதும் கடினம். அது இல்லாமல், ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளில் வரி விழாமல் தடுக்கும் சிங்கப்பூரின் இரட்டை வரி ஒப்பந்தச் சலுகைகள் கிடைக்கா.

துணை நிறுவனம்: தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம். 100 விழுக்காடு பங்கும் தாய் நிறுவனத்திடமே இருக்கலாம். பொறுப்பு போட்ட மூலதனத்தோடு நின்றுவிடும். ஆள் எடுத்து, இன்வாய்ஸ் போட்டு, பக்கத்து நாடுகளையும் கவனிக்கப்போகும் வட்டார அலுவலகத்துக்கு இதுவே பொருந்தும். இனி வரும் படிகள் இதற்கானவை.

3. ஐரோப்பாவிலேயே தாள்களை முடித்துவிடுங்கள்

தேவையானவை: வணிகப் பதிவேட்டின் அண்மைய சாற்று, தாய் நிறுவனத்தின் அமைப்பு விதிகள், துணை நிறுவனம் தொடங்கவும் இயக்குநரை நியமிக்கவும் வாரியத் தீர்மானம், கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, குழும அமைப்பு வரைபடம், ஒவ்வொரு இயக்குநருக்கும் இறுதி உரிமையாளருக்கும் பாஸ்போர்ட் நகல், வீட்டு முகவரிச் சான்று.

ஆங்கிலத்தில் இல்லாத தாளுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். 2021 செப்டம்பர் 16 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கை சிங்கப்பூரில் நடப்பில் இருப்பதால், தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியதில்லை; தாள் உண்மையானது என்று அந்தந்த ஐரோப்பிய நாடு தரும் அப்போஸ்டில் சான்று போதும். எந்தத் தாளுக்கு அப்போஸ்டில் வேண்டும், எதற்கு நோட்டரி நகல் போதும் என்று பதிவு முகவரிடமும் வங்கியிடமும் எழுத்தில் கேட்டுப் பட்டியலாக வாங்குங்கள். இரண்டு பட்டியலும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. கூடுதலாகக் கேட்பவரின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒரே தடவையில் செய்துவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். பதிவேட்டுச் சாற்றைக் கடைசியில் எடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் பல வங்கிகள் புதிதாகக் கேட்கும். புதிய சாற்று என்றால் அதற்கு மறுபடியும் மொழிபெயர்ப்பு, மறுபடியும் அப்போஸ்டில்.

பெயர் எழுத்துகளைத் தாள் தாளாக ஒப்பிடுங்கள். ஜெர்மன், ஸ்வீடிஷ் பெயர்களில் மேலே இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்து வரும். பாஸ்போர்ட்டின் பெயர் வரியில் புள்ளியோடு இருக்கும் அதே எழுத்து, அடியில் இருக்கும் இயந்திர வரியில் இரண்டு எழுத்தாக விரியலாம். விமானச் சீட்டில் புள்ளியே இல்லாமல் ஒற்றை எழுத்தாக வரலாம். ஒரே ஆளுக்கு மூன்று பெயர்! பதிவு, வங்கி, வேலை அனுமதி மூன்றுக்கும் எந்த வடிவம் என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்து, மூன்றும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. உள்ளூர் இயக்குநர் முடிச்சை அவிழ்த்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள்

வழக்கமாகச் சிங்கப்பூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இல்லாமல் நிறுவனம் பதிவாகாது. ஐரோப்பாவிலிருந்து வரப்போகும் மேலாளர் அந்த இயக்குநராக இருக்கலாம். ஆனால் அதற்கு அவருக்கு வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க நிறுவனம் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

உள்ளூர்வாசி ஒருவரை இடைக்காலத்துக்கு நாமினி (பெயரளவு) இயக்குநராக வைத்துப் பதிந்து, மேலாளருக்குப் பாஸ் கிடைத்ததும் அவரை இயக்குநராக்கி, நாமினியை விடுவிப்பதுதான் நடைமுறை. 2025 ஜூன் 9 முதல், தொழிலாக நாமினி இயக்குநர் சேவை தருவதென்றால் பதிவுபெற்ற கார்ப்பரேட் சர்வீஸ் நிறுவனம் வழியாகத்தான் தர முடியும். அந்த ஆள் தகுதியானவர்தானா என்று அந்த நிறுவனம் சோதித்திருக்கவும் வேண்டும். குறைந்த கட்டணம் சொல்லும் தெரிந்தவரின் தெரிந்தவரை நம்பி இறங்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: வங்கியில் நாமினிக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லை, தீர்மானங்களுக்கு எத்தனை வேலை நாளுக்குள் கையெழுத்திட வேண்டும், கட்டணம், வைப்புத்தொகை, அதைத் திருப்பித் தரும் நாள், விலகல் நடைமுறை. நாமினி என்றாலும் சட்டத்தின் முன் அவருக்கு முழு இயக்குநர் கடமை உண்டு. அதனால் அவர் கேள்வி கேட்பார், கணக்கைப் பார்க்க விரும்புவார். அதைத் தொந்தரவாக நினைக்கக் கூடாது. எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுபவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

5. பதிவு

வெளிநாட்டு நிறுவனம் தானே அக்ராவின் இணையத்தளமான பிஸ்ஃபைலில் பதிய முடியாது. பதிவு முகவர் செய்வார். பெயர் விண்ணப்பத்துக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி அரசுக் கட்டணம். முகவர் கட்டணம் தனி. ஒப்புதலான பெயர் 120 நாள் உங்களுக்காக நிற்கும். பெயரில் வங்கி, நிதி, பள்ளி போன்ற சொல் இருந்தால் வேறு துறையின் ஒப்புதலுக்குப் போகும், வாரக்கணக்கில் ஆகும்.

இந்தக் கட்டத்தில் மூன்று தீர்மானங்களில் அவசரப்படக் கூடாது.

தொழில் குறியீடு. படிவத்தில் ஒரு பெட்டிதான் என்று முகவரிடம் விட்டுவிடுகிறார்கள். மேலாளரின் சம்பளத்தை எந்தத் துறையோடு ஒப்பிடுவது என்று மனிதவள அமைச்சு பார்ப்பது இதை வைத்துத்தான். பங்குகளை வைத்திருக்கும் நிறுவனம் என்ற குறியீடு நிதி, காப்பீட்டுப் பிரிவுக்குள் வருகிறது. நிதித்துறைச் சம்பள அளவுகோல் மற்றவற்றைவிட உயரம். உண்மையில் தலைமை அலுவலகப் பணியோ மொத்த வணிகமோ செய்யப்போகிறீர்கள் என்றால் அதற்குரிய குறியீட்டையே போடுங்கள்.

மூலதனம். சட்டப்படி 1 வெள்ளி போதும். ஆனால் 1 வெள்ளி நிறுவனம் மாதம் 12,000 வெள்ளிச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறது என்றால் அமைச்சும் வங்கியும் காசு எங்கிருந்து வரும் என்று கேட்கும். ஆறு மாதச் சம்பளம், வாடகை, கட்டணங்களைக் கூட்டி அந்த அளவுக்காவது போடுவது நல்லது.

நிதியாண்டு முடிவு. குழுமத்தின் ஆண்டோடு பொருத்துங்கள். இல்லாவிட்டால் குழுமக் கணக்குக்காக ஒரு தடவை, இங்கே தாக்கலுக்காக ஒரு தடவை என்று ஆண்டுக்கு இருமுறை கணக்கு முடிக்க வேண்டிவரும்.

பதிவான கையோடு, நிறுவனத்தைக் கடைசியில் கட்டுப்படுத்துபவர் யார் என்று காட்டும் கட்டுப்பாட்டாளர் பதிவேட்டைத் தொடங்கி அக்ராவுக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனச் செயலாளரை ஆறு மாதத்துக்குள் நியமிக்க வேண்டும். தணிக்கையாளருக்கு மூன்று மாதம். பலர் இங்கே தப்புக்கணக்குப் போடுகிறார்கள். விற்றுமுதல் 1 கோடி வெள்ளிக்குள், சொத்து 1 கோடி வெள்ளிக்குள், ஊழியர் 50 பேருக்குள் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் சிறு நிறுவனம், தணிக்கை வேண்டாம் என்று படித்திருப்பார்கள். துணை நிறுவனத்துக்கு இந்த அளவுகோல் முழுக் குழுமத்துக்கும் சேர்த்துத்தான். ஐரோப்பாவில் 300 பேர் வேலை செய்து பெரும் விற்றுமுதலும் இருந்தால், இங்கே இரண்டே பேர் இருந்தாலும் தணிக்கை உண்டு.

6. வங்கிக் கணக்கு

அதிக நாள் பிடிப்பது இந்தப் படிதான். கணக்குத் திறக்க நிறுவனப் பதிவெண் வேண்டும் என்றாலும், பதிவுக்கு முன்பே இரண்டு வங்கிகளோடு பேச்சைத் தொடங்குங்கள். தாய் நிறுவனத்தின் ஐரோப்பிய வங்கிக்குச் சிங்கப்பூரில் கிளை இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். குழுமத்தின் ஆவணங்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

வங்கிக்குத் தெரிய வேண்டியது மூன்று: கடைசியில் இந்தப் பணத்துக்குச் சொந்தக்காரரான மனிதர் யார், பணம் எங்கிருந்து வந்து எங்கே போகும், இங்கே உண்மையான வேலை ஏதும் நடக்கிறதா.

முதலாவதுக்குக் குழும வரைபடம். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனப் பெயர், நாடு, பங்கு விழுக்காடு. கோடு மனிதர் ஒருவரிடம் போய் முடியும் வரை வரைய வேண்டும். இடையில் அறக்கட்டளையோ கூட்டாண்மையோ இருந்தால் அதை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று தனித்தாள் தயாராக இருக்கட்டும். யாரிடமும் 25 விழுக்காடு இல்லை என்றால், முடிவெடுக்கும் மூத்த அதிகாரிகளின் விவரம் கேட்பார்கள்.

இரண்டாவதுக்கு ஓர் அட்டவணை போதும்: மாதம் எத்தனைப் பரிமாற்றம், எந்த நாணயம், எந்த நாடு, பெரிய வாடிக்கையாளர் மூவர், பெரிய விநியோகிப்பாளர் மூவர். நாடு என்ற கட்டத்தில் "ஆசியா" என்று எழுதினால், தடைப் பட்டியலில் உள்ள நாடுகளும் அதற்குள் வருகின்றனவே என்ற கேள்வியோடு விண்ணப்பம் திரும்பி வரும். ஒவ்வொரு கேள்வி பதில் சுற்றுக்கும் ஒரு வாரம் போய்விடும்.

கையெழுத்து ஏற்பாட்டையும் இப்போதே யோசியுங்கள். இரட்டைக் கையெழுத்து வைத்து இருவருமே ஐரோப்பாவில் இருந்தால், குளிர்காலத்தில் மத்திய ஐரோப்பாவுடன் ஏழு மணி நேர வேறுபாடு, கோடையில் ஆறு. சிங்கப்பூரில் காலையில் போட்ட பணப்பரிமாற்றம் பிற்பகல்வரை ஒப்புதலுக்குக் காத்திருக்கும். சிறு தொகைக்கு இங்கே ஒருவரே போதும், அதற்கு மேல் ஐரோப்பாவில் ஒருவரும் சேர வேண்டும் என்று வரம்பு வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கணக்குத் திறக்கும்வரை முகவர் கட்டணம், வைப்புத்தொகையைத் தாய் நிறுவனம் கட்டும். அந்தச் செலவுகளைத் துணை நிறுவனத்தின் கடனாக அன்றன்றே பதியுங்கள். ஆண்டு முடிவில் ரசீதுகளைத் தேடினால் பாதி கிடைக்காது.

7. எம்ப்ளாய்மென்ட் பாஸ்

2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி, நிதித்துறைக்கு 6,200. வயது கூடக்கூட இதுவும் கூடி, நாற்பதுகளின் நடுவில் 10,700 வரை போகும். தலைமையகம் 46 வயது மேலாளரை அனுப்பிவிட்டு 5,600 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் விண்ணப்பம் தோற்கும்.

அடுத்தது, விண்ணப்பதாரரையும் நிறுவனத்தையும் மதிப்பிடும் கம்பாஸ் புள்ளி முறை. 40 புள்ளி வேண்டும். அலுவலக நிலை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு, நாட்டினப் பன்முகத்தன்மைக்கும் உள்ளூர் வேலை ஆதரவுக்கும் தலா 10 புள்ளி தானாகவே கிடைக்கிறது. மிச்சம் 20 புள்ளியைச் சம்பளமும் கல்வித் தகுதியும் தர வேண்டும். துறையின் உள்ளூர்ச் சம்பளத்தில் 65ஆம் நூற்றுமானத்தை (நூறு பேரில் 65 பேர் வாங்குவதற்கு மேலான அளவை) எட்டினால் 10, 90ஐ எட்டினால் 20. பட்டப்படிப்புக்கு 10, உயர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால் 20. புதிய அலுவலகத்தின் முதல் மேலாளர் பெரும்பாலும் சரியாக 40இல் நிற்பார். ஒரு பிரிவில் வழுக்கினாலும் போய்விடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அமைச்சின் சுயமதிப்பீட்டுக் கருவியில் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கல்விக்குப் புள்ளி வேண்டுமென்றால் பட்டத்துக்குச் சரிபார்ப்புச் சான்று தேவை. பழைய பட்டமாக இருந்தால் பல்கலைக்கழகம் பதில் தர வாரங்கள் ஆகலாம். இதை 3ஆம் படியிலேயே தொடங்குங்கள். நிலைச் சம்பளம் மாதம் குறைந்தது 22,500 வெள்ளி இருந்தால் கம்பாஸ் மதிப்பீடு தேவையில்லை. விண்ணப்பத்துக்கு முன் மற்ற நிறுவனங்கள் போட வேண்டிய 14 நாள் வேலை விளம்பரத்தை 10 பேருக்குக் குறைவான நிறுவனம் போட வேண்டியதில்லை.

குடும்பத்தின் சார்ந்திருப்போர் பாஸுக்கு மேலாளரின் நிலைச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். அந்தப் பாஸில் வரும் துணைவர் வேலைக்குப் போக விரும்பினால் தனக்கென வேலை அனுமதி எடுக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது தெரியாமல் வந்து, துணைவருக்கு வேலை கிடைக்காமல் ஓராண்டில் குடும்பம் திரும்பிப் போனால், அலுவலகத்துக்கு மறுபடியும் முதல் படி.

பாஸ் வரும்வரை மேலாளர் பார்வையாளராக வந்து கூட்டங்களில் கலந்துகொள்ளலாம். மேசை போட்டு உட்கார்ந்து அலுவலகத்தை நடத்தக் கூடாது.

8. அலுவலக இடம்

முதல் ஆண்டுக்கு, தளவாடங்களோடு வாடகைக்குக் கிடைக்கும் சேவை அலுவலகம் போதும். ஆள் எண்ணிக்கை உறுதியாகாத நிலையில் மூன்று ஆண்டு குத்தகை எடுத்தால் இடம் போதாது அல்லது மிஞ்சும். பதிவு முகவரி செயலாளரின் முகவரியாக இருக்கலாம். ஆனால் வங்கியும் அமைச்சும் ஆட்கள் உட்காரும் இடத்தைக் கேட்கும்.

நேரடிக் குத்தகைக்குப் போகும்போது இரண்டு விதிகளைப் படியுங்கள். ஒன்று, இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும் கடமை. முந்தைய வாடகைதாரர் போட்ட தடுப்புகளையும் நீங்கள் இடிக்க வேண்டுமா என்று தெளிவாக்கி, சாவி வாங்கும் நாளில் படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மற்றொன்று, இடையில் விலகும் உரிமை. நான்கு ஆண்டுக்குள் முடியும் குத்தகைக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை. கையெழுத்தான 14 நாளுக்குள் கட்ட வேண்டும்.

9. உள்ளூர் ஊழியர்கள்

ஐரோப்பிய வேலை ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் பாதி விதிகளுக்கு இங்கே பொருள் இல்லை. இங்கே கட்டாயமானவை அதில் இருக்காது. முக்கிய வேலை விதிமுறைகளை வேலை தொடங்கிய 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம், கூடவே விவரச் சீட்டு.

சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு மத்திய சேம நிதி உண்டு. 55 வயதுவரை முதலாளி 17 விழுக்காடு, ஊழியர் 20 விழுக்காடு. 2026 ஜனவரியிலிருந்து, சேம நிதிக்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 8,000 வெள்ளி. புதிதாக நிரந்தரவாசி ஆனவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு விகிதம் வேறு. பாஸில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்குச் சேம நிதி இல்லை. அதனால் ஒரே சம்பளத்துக்கு எடுத்த இருவரின் செலவு ஒன்றாக இருக்காது. பட்ஜெட் போடும்போது இதைப் பிரித்துக் காட்டுங்கள்.

தேசிய சேவையின் போர்க்காலப் படை வீரர்களாக இருக்கும் ஆண் ஊழியர்கள் ஆண்டுதோறும் பயிற்சிக்கு அழைக்கப்படலாம். அவர்களை விடுவிப்பது சட்டக் கடமை. விடுப்பில் கழிக்கப் பார்க்கும் தலைமையக மனிதவளப் பிரிவுக்கு இதை முதல் நாளே விளக்கிவிடுங்கள்.

வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு வரித் தீர்வு அறிவிப்பு தர வேண்டும். தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சேர வேண்டிய பணம் முழுவதையும் பிடித்துவைக்க வேண்டும். கடைசிச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால், அவர் வரியை நிறுவனம் கட்ட நேரிடும்.

10. தலைமையகத்தோடு பணக் கணக்கு

வட்டார அலுவலகம் தலைமையகத்துக்காகச் சேவை செய்கிறது என்றால், முதல் இன்வாய்ஸுக்கு முன்பே சேவை ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். செலவோடு 5 விழுக்காடு சேர்த்து வாங்கினால் போதும் என்று பரவலாகச் சொல்வார்கள். அந்த 5 விழுக்காட்டுச் சலுகை கணக்கு, சம்பளப் பட்டியல், நிர்வாகம் போன்ற வழக்கமான துணைச் சேவைகளுக்குத்தான். விற்பனை பேசும், விலை முடிவுசெய்யும் அலுவலகத்துக்கு அது பொருந்தாது. அங்கே, இதே வேலைக்குத் தொடர்பில்லாத நிறுவனங்கள் என்ன விலை வாங்குகின்றன என்ற ஒப்பீட்டு ஆய்வு தேவை.

தலைமையகத்துக்குப் பணம் அனுப்பும்போது வரிப் பிடித்தம் உண்டா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். வட்டிக்கு 15 விழுக்காடு, ராயல்டிக்கு 10, சிங்கப்பூரில் செய்த தொழில்நுட்ப, மேலாண்மைச் சேவைக்கு 17. முழுக்க ஐரோப்பாவிலேயே செய்த சேவைக்கு இல்லை. ஈவுத்தொகைக்கும் இல்லை. இரட்டை வரி ஒப்பந்தம் விகிதத்தைக் குறைக்கலாம். அதற்குத் தாய் நிறுவனத்தின் வரி வசிப்புச் சான்றிதழ் கையில் வேண்டும். கட்ட வேண்டிய நாள், பணம் செலுத்தியதாகக் கருதப்படும் நாளிலிருந்து இரண்டாவது மாதம் 15ஆம் தேதி.

நிறுவன வரி 17 விழுக்காடு. புதிய நிறுவனங்களுக்கான தொடக்க வரிச் சலுகையைப் பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். 10 விழுக்காடு பங்காவது தனிமனிதர் ஒருவரிடம் இருந்தால்தான் அது கிடைக்கும். முழுக்கத் தாய் நிறுவனத்துக்குச் சொந்தமான அலுவலகத்துக்குக் கிடைப்பது பகுதி விலக்குதான்: முதல் 10,000 வெள்ளியில் 75 விழுக்காடு, அடுத்த 1,90,000இல் 50 விழுக்காடு. உலகளாவிய விற்றுமுதல் 75 கோடி யூரோ உள்ள குழுமத்துக்கு 2025 முதல் 15 விழுக்காட்டுக் குறைந்தபட்ச வரியும் உண்டு.

பொருள் சேவை வரி 9 விழுக்காடு. வரிக்குரிய விற்பனை ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம்.

இங்கிருந்து ஜகார்த்தாவுக்கும் பாங்காக்குக்கும் போய்வரும் விற்பனையாளர்களுக்கும் ஒரு விதி எழுதுங்கள். சிங்கப்பூர் பாஸ் சிங்கப்பூரில் வேலை செய்ய மட்டும்தான். அங்கே வணிக விசா வேண்டுமா என்று அந்த நாட்டு விதியைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து அங்கே ஒப்பந்தம் பேசி முடித்தால் அந்த நாட்டில் நிரந்தரத் தொழிலகம் உருவாகலாம். யார், எந்த நாட்டில், எத்தனை நாள் என்ற பயணப் பதிவேடு முதல் மாதத்திலிருந்தே இருக்கட்டும்.

11. தனிமனிதத் தரவு

ஐரோப்பிய ஆணையம் போதிய பாதுகாப்புள்ளவை என்று ஏற்ற நாடுகளில் ஜப்பானும் தென்கொரியாவும் இருக்கின்றன, சிங்கப்பூர் இல்லை. ஐரோப்பிய வாடிக்கையாளர் பட்டியலை இங்கிருந்து திறந்து பார்ப்பதும் தரவு ஏற்றுமதிதான். இத்தகைய ஏற்றுமதிக்கென ஆணையம் வகுத்த நிலையான ஒப்பந்தக் கூறுகளில் இரு நிறுவனங்களும் கையெழுத்திட்ட பிறகே கணினி அணுகல் கொடுங்கள். சிங்கப்பூர்ச் சட்டப்படி தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரையும் நியமிக்க வேண்டும். இருக்கும் ஊழியரே அந்தப் பொறுப்பை ஏற்கலாம்.

12. முதல் ஆண்டு நாள்காட்டி

நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது என்று வைத்துக்கொண்டால்: வருவாய் ஆணையத்துக்கு மார்ச் 1க்குள் ஊழியர் வருமான விவரம், மார்ச் 31க்குள் நிறுவனத்தின் வரிக்குரிய வருமானத்தின் உத்தேசக் கணக்கு, ஜூன் 30க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம், ஜூலை 31க்குள் அக்ராவிடம் ஆண்டறிக்கை, நவம்பர் 30க்குள் நிறுவன வரி அறிக்கை. ஐரோப்பாவில் ஆகஸ்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் தணிக்கையாளரின் கேள்விகளை மே மாதத்திலேயே முடித்துவிடப் பாருங்கள்.

13. நாமினி இயக்குநரை விடுவித்தல்

மேலாளரின் பாஸ் அட்டை வந்து, அவருக்கு உள்ளூர் வீட்டு முகவரியும் கிடைத்தபின் இதைச் செய்யலாம். முதலில் அவரை இயக்குநராக நியமித்து 14 நாளுக்குள் அக்ராவுக்குத் தெரிவியுங்கள். அடுத்து வங்கியின் பதிவுகளை மாற்றுங்கள். நாமினியின் விலகல் கடிதம் அதற்குப் பிறகுதான். உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் வேறு யாரும் இல்லாத நிலையில் அவர் விலகினால் அந்த விலகல் சட்டப்படி செல்லாது. மேலாளர் வேலையை விட்டுப் போகும் நாளிலும் இதே சிக்கல் வரும்; அதனால் இரண்டாவது உள்ளூர் இயக்குநராக யாரை வைப்பது என்பதை அந்த வாரியக் கூட்டத்திலேயே முடிவுசெய்து, நாமினியின் வைப்புத்தொகையையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.